எது தப்பு, யாருக்குத் தப்பு? கொழும்பில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கொள்ளுப்பிட்டிக் கந்தோர்:

எங்கள் கந்தோரில் அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒரு கேள்வியைப் போட்டார். நண்பனின் காரில் போகிறீர்கள். 20 மைல் வேகத்தைத் தாண்டக்கூடாத இடத்தில் அவன் 35இல் ஓட்டி, நடந்து போன ஒருவரை அடித்துவிடுகிறான். வேறு சாட்சி இல்லை. 'இருபதில்தான் ஓட்டினான்' என்று நீங்கள் சொன்னால் ஆள் தப்பிவிடுவான் என்கிறார் வக்கீல். சொல்வீர்களா?

கேள்வி பழையது. 1951இல் ஸ்டௌஃபர், டோபி என்ற இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் எழுதியது. பிறகு ஃபொன்ஸ் ட்ரொம்பனார்ஸ் என்ற ஒல்லாந்துக்காரர் பல நாட்டு மனேஜர்மாரிடம் அதையே கேட்டுப் பார்த்தார். சுவிஸ், கனடா, அமெரிக்கா ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பொய் சொல்ல மறுத்தார்கள். தென் கொரியாவிலும் வெனிசுவேலாவிலும் பாதிக்கும் மேல் நண்பன் பக்கம் நின்றார்கள்.

எங்கள் வகுப்பில் ஆம், இல்லை என்று ஒருவரும் கையைத் தூக்கவில்லை. பதிலுக்குக் கேள்விகள்தான் வந்தன. அடிபட்டவர் உயிரோடு இருக்கிறாரா? ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோனது? அவருக்குப் பிள்ளைகள் உண்டா? கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு சிங்கள ஐயா சொன்னார்: 'முதலில் நானும் அவனும் அந்த வீட்டுக்குப் போவோம். மன்னிப்புக் கேட்போம், செலவைப் பொறுப்பெடுப்போம். கோர்ட்டில் என்ன சொல்வது என்று அதற்குப் பிறகு பார்ப்போம்.' இதை எந்தப் பக்கத்தில் குறிப்பது என்று தெரியாமல் பயிற்சியாளர் பேனையோடு நின்றார்.

எனக்கு அந்தப் பதில் நழுவலாகப் படவில்லை. கடன், வேலிச்சண்டை போன்றவற்றை இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசி முடிக்க மத்தியஸ்த சபை என்று 1988இல் சட்டமே போட்ட நாடு இது. ஆனால் காசுள்ளவன் போய் இல்லாதவன் வாயை அடைப்பதும் இதே வழியில்தான். அதையும் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள். புத்திமதி வேண்டாம், நடந்தது போதும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அண்ணா, நாங்கள் பெருமையாகச் சொல்லும் கதை இதற்கு நேரெதிர் அல்லவா? கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன். எங்கள் ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் சிங்கள அண்ணனிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். 'அது எலார ராஜா கதை, பள்ளிக்கூடத்தில் படித்தோம்' என்றார். உண்மைதான். பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில் எல்லாளன் (அவர்களுக்கு எலார) பேரில் அதே மணி, அதே பசு, அதே கன்று. சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் எதிரி என்றாலும் அவன் நீதியை அந்த நூல் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு பேரும் நீதி நேர்மை என்று நிறைய நேரம் கதைத்தோம். சில நாள் கழித்து அவருடைய மச்சான் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டான். 'தம்பி, பொலிஸில் யாரையாவது தெரியுமா?' நானும் உடனே ஃபோனைக் கையில் எடுத்தேன்.

பாமன்கடை அக்கா:

பொய் என்றால் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1983 ஜூலை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல் தமிழர்களைத் தேடி வீடு வீடாக வந்தது. எங்களைத் தன் சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டியவர் பக்கத்து வீட்டு சிங்கள அன்ரி. போயா என்ற பௌர்ணமி நாள் தவறாமல் வெள்ளை உடுத்துச் சில் (பௌத்த விரதம்) எடுப்பவர், நுளம்பை அடிக்கவும் யோசிப்பவர். வாசலில் நின்று கேட்டவர்களிடம் 'அந்தச் சனம் போன கிழமையே யாழ்ப்பாணம் போய்விட்டது' என்றார். குரல் ஆடவே இல்லையாம்.

பொய் சொல்லாமை பௌத்தர்களின் பஞ்ச சீலத்தில் ஒன்று. அதை மீறியதற்காக அவர் ஒருபோதும் வருந்தியதாகத் தெரியவில்லை. அவரை உலுக்கியது வேறு. மறுநாள் எங்களைப் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குக் கூட்டிப் போக வேண்டும், வழியில் மறிப்பார்கள். அம்மாவுக்குத் தன் சேலையைக் கண்டிய முறையில் உடுத்திவிட்டார். தலையை அவிழ்த்துத் தங்கள் மாதிரி வாரிவிட்டார். பொட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. புருஷன் பக்கத்தில் நிற்கும்போது அவள் பொட்டை நான் எப்படி அழிப்பது என்று அழத் தொடங்கிவிட்டாராம். அவர்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது, எங்களோடு பழகித் தெரிந்துகொண்டதுதான். கடைசியில் அம்மாவே முந்தானையால் துடைத்தார். தாலியைக் கழற்றி அன்ரியிடம் கொடுத்தார். அதுவும் பத்திரமாகத் திரும்பி வந்தது.

இப்போதும் அம்மா அந்த நாளைப் பேசினால் பொட்டைத்தான் பேசுவார். நிலைமை சரியான பிறகு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலில் அதற்காக அர்ச்சனை செய்தார். அன்ரியும் கூடப் போனார்.

இன்னொன்று. வந்த கும்பலுக்கும் தன் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள், நம் ஆட்களுக்காகக் கேட்கிறோம் என்பது. தன் சனத்தை விட்டுக்கொடுக்காதே என்பது எல்லா வீட்டிலும் சொல்லிக் கொடுப்பதுதானே. அன்ரி அன்றைக்கு உண்மையில் மீறியது அதைத்தான்.

வெள்ளவத்தை மாடிவீடு:

என்னுடையது சின்ன விஷயம். பெரியப்பா செத்த வீடு. மூத்த மகன் ரொறொன்ரோவில் வளர்ந்தவன், வந்து கொள்ளி வைத்தான். மறுநாள் இரவு பசி தாங்காமல் ஃபோனில் கோழிக் கொத்து ஓடர் பண்ணிவிட்டான். வாசனை வந்ததும் வீடு ரெண்டுபட்டது. துடக்கு வீட்டில், அதுவும் கொள்ளி வைத்தவன்! அவனுக்கு விளங்கவே இல்லை. 'இதில் யாருக்கு என்ன நட்டம்?' என்று திரும்பத் திரும்பக் கேட்டான். சிங்கள ட்ரைவர்தான் பார்சலை மெதுவாக வாங்கி, 'மாத்தயா, இந்த வீட்டில் இப்போது வேண்டாம்' என்று கீழே கொண்டுபோனார்.

ரிச்சர்ட் ஷ்வெடர் என்ற மானுடவியலாளர் இரண்டு பேரோடு சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புவனேஸ்வரிலும் சிக்காகோவிலும் 39 சம்பவங்களைச் சொல்லி, எது எவ்வளவு பெரிய தவறு என்று கேட்டார்கள். அதில் ஒன்று: தகப்பன் இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டினான், கோழி சாப்பிட்டான். புவனேஸ்வரில் அது மிக மோசமான தவறுகளில் ஒன்று. சிக்காகோவில் அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஊரும் ஒன்றாக நின்றன.

என் அபிப்பிராயம்? பெரியப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கேள்வி கேட்காமல் அனுப்பியவன் இந்தப் பெடியன். கோழிக்காக அதிகம் கத்திய சித்தப்பா, பெரியப்பா படுத்திருந்த காலத்தில் எட்டிப் பார்க்காதவர். ஆனாலும் அன்றைக்கு அந்த வாசனை எனக்கும் வயிற்றைக் குமட்டியது. அதை நியாயம் பேசி மாற்ற முடியவில்லை.

தெமட்டகொடை நாநா:

2020ஐ யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். கொரோனாவில் மௌத்தானவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் நின்றது. உலக சுகாதார அமைப்பு அடக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்யும் தமிழர் ஒருவர், நோன்புக் கஞ்சிக்கு வருஷம் தவறாமல் வருகிற நல்ல மனுஷன், சாதாரணமாகக் கேட்டார்: 'உயிர் போன பிறகு உடம்பில் என்ன இருக்கிறது? நாங்கள் எரிக்கத்தானே செய்கிறோம்.' நோகடிக்கக் கேட்டதில்லை. அவருக்கு நெருப்பு தகப்பனுக்குச் செய்யும் கடமை. எங்களுக்கு அது மையித்துக்குச் செய்யும் கொடுமை. 'உங்கள் அப்பாவைப் புதைத்தே ஆக வேண்டும், கொள்ளி வைக்க விடமாட்டோம் என்று சட்டம் வந்தால்?' என்றேன். பதில் சொல்லாமல் போய்விட்டார்.

டிசம்பரில் இருபது நாள் குழந்தை ஒன்றை, பெற்றோர் சம்மதிக்காமலே எரித்தார்கள். அதற்குப் பிறகு பொரளை கனத்தை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், எல்லா இனத்தாரும். கட்டியதை இரவோடு இரவாக யாரோ அவிழ்த்தார்கள். மறுபடி கட்டினார்கள். என்னிடம் அப்படிக் கேட்ட அந்தத் தமிழரும் கட்டினார். பழைய வேட்டிக் கரையைக் கிழித்துக் கொண்டுபோனாராம். 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி கிடைத்தது, அதுவும் மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடி வரை கொண்டுபோய். மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024இல்.

நுகேகொடை வாணி:

நாநா, உடம்பு என்றதும் எங்கள் வீட்டுச் சண்டை ஞாபகம் வந்தது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் தெரியும்தானே? பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளுக்கு இங்கிருந்து கண் போகிறது. அப்பா அதில் பதிந்தார். மாமா துள்ளினார்: 'கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறப்பில் குருடாய்ப் பிறப்பாய்!' பக்கத்து வீட்டு சிங்கள அங்கிள் சிரித்தார்: 'அடுத்த பிறப்பில் நல்ல கண் கிடைக்கும் என்றுதானே நாங்கள் கொடுக்கிறோம்.' இருவருக்கும் மறுபிறப்பில் சந்தேகமே இல்லை!

நாங்கள் அறிந்த சிபி புறாவுக்காகத் தொடைச் சதையை அரிந்தவன். அவர்களுடைய ஜாதகக் கதையில் சிவி ராஜா குருட்டுப் பிராமணனுக்கு இரண்டு கண்ணையும் கொடுக்கிறான். எங்களிடமும் கண்ணப்பர் இருக்கிறார், ஆனால் அவர் கொடுத்தது சிவனுக்கு. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுப்பதை அதே மரியாதையோடு எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று நினைக்கிறேன். மாமா வரும் நாட்களில் அப்பா கார்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அக்கா, கற்றரக்ட் ஒப்பரேஷன் செய்த கண்ணையும் எடுப்பார்களா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

நுகேகொடை வாணி:

எடுப்பார்கள் தம்பி, அவர்களுக்கு வேண்டியது முன்னால் இருக்கும் கோர்னியா. ஆனால் சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அந்த நேரம் கோல் எடுக்க வேண்டியது வீட்டு ஆட்கள். அதனால் எங்கள் அப்பா மாதிரி கார்டை அலுமாரிக்குள் வைக்க விடாதே.