எதிர்நீச்சல் இரண்டாம் பாகம்: 23-ஆம் தேதிக்கு யாரெல்லாம் காத்திருக்கிறீர்கள்?

குமுளிக்காரி

வருகிற 2024 டிசம்பர் 23-ஆம் தேதி திங்கட்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குச் சன் டிவியில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ ஆரம்பிக்கிறது. புரோமோ வந்ததிலிருந்து எங்கள் ஏலக்காய் ஸ்டோரில் வேறு பேச்சே கிடையாது. எனக்கு இரண்டு மூன்று விஷயம் கேட்க வேண்டும். நான் எங்கே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருப்பது குமுளி, கேரளா பக்கம். பிறந்த ஊர் மலைக்குக் கீழே, தேனி ஜில்லா கூடலூர். மலைக்கு மேலே கட்டிக்கொடுத்தார்கள். வேலை, ஏலக்காய் தரம் பிரிப்பது. சல்லடையில் விட்டு எட்டு மில்லிமீட்டர் காய் தனி, ஏழு தனி என்று வந்த பிறகும் வெடித்த காய், நிறம் மங்கிய காய், பூச்சி அரித்த காய் எல்லாவற்றையும் கையால்தான் பொறுக்கி எடுக்க வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும் வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும். அதற்குத்தான் சீரியல். எங்கள் வரிசையில் பாதிப்பேர் கம்பம், கூடலூரிலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி வருகிறவர்கள். மீதிப்பேர் இங்கேயே இருக்கிற மலையாளச் சேச்சிகளும் என்னைப்போல ஆட்களும்.

ஆகவே எங்களிடம் எந்தக் கதையும் ஒரு மொழியோடு நிற்காது. 2020-இல் ஏசியாநெட்டில் ‘சாந்த்வனம்’ ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறதா? நம்ம ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ கதையேதான். சுஜிதா செய்த தனம் அங்கே தேவி, செய்தது சிப்பி. நம்ம கதை 2018-லேயே ஆரம்பித்துவிட்டதால் நாங்கள் வெகுதூரம் முன்னால் இருந்தோம். அடுத்து என்ன ஆகும் என்று வாயைத் திறக்காமல் இருப்பதற்காக ஒரு சேச்சி எங்களுக்குக் கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்த கதையும் உண்டு. (சாப்பிட்டுவிட்டுச் சொல்லிவிட்டோம், அது வேறு.)

எதிர்நீச்சலுக்குச் சேச்சிகளை இழுத்தது கனிகா. ‘பழசி ராஜா’வில் மம்மூட்டிக்கு ஜோடியாக வந்தவர் என்பதால் ‘நம்ம கனிகா’ என்பார்கள். அது மதுரைப் பொண்ணு சேச்சி என்றால் நம்பமாட்டார்கள். அவர் செய்த ஈஸ்வரிக்காகப் பார்க்க ஆரம்பித்து, இப்போது ஈஸ்வரியின் புருஷன், வீட்டையே மிரட்டி வைத்திருக்கிற குணசேகரனைத் தமிழில் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

குணசேகரன் என்றாலே எங்களுக்கு மாரிமுத்துதான். வருசநாட்டுப் பக்கத்துக்காரர், தேனி ஜில்லா. அவர் ‘இந்தாம்மா ஏய்’ என்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிடாத சூப்பர்வைசர் இந்த மலையில் கிடையாது. 2023 செப்டம்பர் 8, இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த வேல ராமமூர்த்தி ஐயாவை நான் குறை சொல்லவில்லை. பெரிய எழுத்தாளர், ஆளும் குரலும் மிரட்டும். ஆனால் மாரிமுத்து கத்தினால் பயமும் வரும், கூடவே சிரிப்பும் வரும். இந்த ஆளு நம்ம பெரியப்பா மாதிரியே இருக்கானே என்று தோன்றும். இவரைப் பார்த்தால் பயம் மட்டும்தான் வருகிறது. வீட்டில் இருக்கிற வில்லன் மாதிரி தெரியவில்லை, சினிமா வில்லன் மாதிரி தெரிகிறார்.

அதைவிட எனக்குப் பெரிய குறை வேறு. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது குணசேகரனும் இல்லை, அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்தும் இல்லை. நாலு ஓரகத்திகளும் அடுப்படியில் நின்று பேசுகிற இடம்தான். மாமியார் விசாலாட்சி காதில் பாதி விழுகிற மாதிரி நந்தினி முணுமுணுப்பாள். ரேணுகா அதைச் சத்தமாகவே சொல்லிவிடுவாள். ஈஸ்வரி அடக்குவாள். கடைசியாக வந்த ஜனனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். கையில் கத்தி இருக்கும், காய் நறுக்குவது நிற்காது. அப்படியே எங்கள் வரிசை. ஆனால் இந்த வருஷம் ஆரம்பத்திலிருந்தே குணசேகரன் மகள் தர்ஷினி கடத்தல், போலீஸ், தேடல் என்று போய், ஜூன் 8-இல் முடிக்கிற வரைக்கும் அடுப்படியில் ஆளே இல்லை. எனக்கு வெறுத்துவிட்டது. கடைசியில் விட்டு விட்டுத்தான் பார்த்தேன்.

இப்போது கேள்வி:

புரோமோவில் நாலு பேரும் இருக்கிறார்கள், ஜனனி மட்டும் ஆள் மாற்றம். மதுமிதா இல்லை, பார்வதியாம். முதல் பாகத்தின் மையமே அந்தப் பெண்தானே, ஒட்டுமா? இரண்டாவது, இந்த ‘இரண்டாம் பாகம்’ எதுவாவது உருப்படியாக வந்திருக்கிறதா? மூன்றாவது, என் கேபிள்காரர் தமிழ்ச் சேனல் வேண்டுமென்றால் முழுத் தமிழ்ப் பேக்கையும் எடுக்கச் சொல்கிறார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு சேனல். வேறு வழி இருக்கிறதா?

கம்பம் ஜீப்

அக்கா வணக்கம். உங்கள் ஸ்டோருக்கோ பக்கத்து ஸ்டோருக்கோ ஆள் ஏற்றி வருகிறவன் நான். காலையில் கம்பத்தில் வண்டி எடுத்தால் லோயர் கேம்ப் தாண்டுகிற வரைக்கும் தூங்குவார்கள். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் எழுந்துகொண்டு முந்தின நாள் சீரியலை எடுப்பார்கள். நான் ஒரு எபிசோடுகூடப் பார்த்தது கிடையாது, ஆனால் கேட்டால் முழுக் கதையும் சொல்வேன்.

எனக்கு இந்த இரண்டாம் பாகத்தில் நம்பிக்கை இல்லை அக்கா. எங்கள் அம்மாவுக்கு ‘சித்தி’ என்றால் உயிர். 1999-இல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி. 2020 ஜனவரியில் சித்தி 2 வருகிறது என்றதும் அம்மா பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது. இரண்டு மாதத்தில் கொரோனா வந்து படப்பிடிப்பு நின்றது. திரும்ப ஆரம்பித்து ஓடிக்கொண்டிருக்கும்போது மறு வருஷம் ராதிகாவே விலகிவிட்டார். சித்தி இல்லாமல் சித்தி! அம்மா அன்றைக்கு ரிமோட்டைக் கீழே வைத்தவர்தான்.

இன்னொன்று. இப்போது ஐயப்ப சீசன். மேலே போகிற பக்தர் வண்டிகளைக் கம்பத்திலேயே கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள், கோயிலிலிருந்து திரும்புவதெல்லாம் குமுளி வழியாக இறங்குகிறது. சாயங்காலம் மலையில் மாட்டினால் உங்கள் ஆட்கள் வீடு சேர எட்டு, எட்டரை. சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு உட்கார வேண்டும். விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். ஜனவரியில் மகர ஜோதி முடிகிற வரைக்கும் இந்தப் பாடுதான். சீரியலை ஒரு மாதம் தள்ளி ஆரம்பித்திருக்கலாம். சன் நெக்ஸ்ட்டில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மூன்று பேர் சொல்கிறார்கள். ஆனால் மலையில் போனில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும், பார்த்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை கேபிள்

அக்காவுக்கு மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் போறேனுங்க, அது என் தொழில்.

பேக் எடுத்தே ஆகணும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாதுங்க. 2019-இல் டிராய் (டிவி, போன் கம்பெனிகளுக்கு விதி போடுகிற மத்திய ஆணையம்) கொண்டுவந்த முறைப்படி எந்தக் கட்டணச் சேனலையும் தனியாக ஒன்றே ஒன்று கேட்டு வாங்கலாம். பேக்குக்குள் இருக்கிற சேனல் என்றால் அதன் தனி விலை மாதம் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது, வரி தனி. நீங்கள் ஏற்கெனவே கட்டுகிற அடிப்படைக் கட்டணத்தோடு இது சேரும், அவ்வளவுதான். டிஷ் வைத்திருந்தால் அவர்களுடைய ஆப்பிலேயே மொழியைத் தமிழ் என்று போட்டுச் சேனலைத் தட்டினால் முடிந்தது. கேபிள் என்றால் சேனல் பேரையும் உங்கள் பெட்டி நம்பரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயில் சொன்னால் மறந்துவிட்டேன் என்பார்கள், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

23-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணிக் கேட்காதீர்கள். எங்கள் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வீடுகள் நிறைய, ஒவ்வொரு பெரிய சீரியல் ஆரம்பிக்கிற அன்றைக்கும் என் போன் சூடாகிவிடும். இரண்டு நாள் முன்னாலேயே போட்டு, படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சீரியலைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லைங்க. எங்கள் வீட்டில் அம்மிணி பார்க்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

நகரி தறி

அக்கா, நான் ஆந்திரா நகரியிலிருந்து. வீட்டிலேயே தறி. தறி ஓடுகிற சத்தத்தில் டிவி வசனம் ஒன்றும் காதில் விழாது, முகத்தைப் பார்த்தே கதை புரிந்துகொள்கிற பழக்கம் எனக்கு. அதனால் சொல்கிறேன், நீங்கள் சொன்ன அந்த அடுப்படிக் காட்சி சத்தமே இல்லாமலும் புரியும். கனிகா திரும்பிப் பார்ப்பதிலேயே தெரிந்துவிடும், குணசேகரன் உள்ளே வந்துவிட்டான் என்று. கடத்தல் காட்சிகளில் சத்தத்தை எடுத்துவிட்டால் ஒன்றுமே இல்லை, எல்லோரும் ஓடுகிறார்கள், அவ்வளவுதான். அதே கணக்கில் பார்த்தால் புது ஜனனிக்கும் முதல் வாரம் முகம்தான் பரீட்சை. வாய்ச்சண்டை யார் வேண்டுமானாலும் போடலாம். அடுத்தவள் பேசும்போது சும்மா நிற்கத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கம்பம் அண்ணன் சித்தியை வைத்துச் சொன்னது சரி. ஆனால் டைரக்டர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எதிர்நீச்சல் திருச்செல்வம், ‘கோலங்கள்’ திருச்செல்வம். தொல்காப்பியனாக நடித்தவரும் அவரே. 2003-இலிருந்து 2009 வரைக்கும் 1,533 எபிசோடு எங்கள் அம்மா விடாமல் பார்த்தார். அதில் தேவயானியின் அபி வீட்டுக்குள் அழுதுகொண்டே இருக்கவில்லை. கட்டடத் தொழிலில் இறங்கினாள், அங்கே அடி வாங்கினாள், திருப்பிக் கொடுத்தாள். பெண்ணை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து வேலையில் நிறுத்தினால்தான் இந்த மனுஷனுக்குக் கதை ஓடும். நாலு மருமகள்களையும் அப்படி நிறுத்தினால் இரண்டாம் பாகம் தப்பிக்கும். திரும்பவும் சொத்து, கையெழுத்து, வக்கீல் என்று உட்கார்ந்தால் பொங்கலுக்குள் நானும் தறியைப் பார்க்கப் போய்விடுவேன்.

எங்கள் வீட்டுக் கஷ்டம் வேறு. என் மனைவிக்குத் தெலுங்கு. ஒன்பதரைக்கு அவளுக்கும் ஒரு சீரியல் இருக்கிறது. டிவி ஒன்று.

குமுளிக்காரி

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு ரொம்ப நன்றி. பெட்டி நம்பரை எழுதிக்கொண்டேன், நாளைக்கே போய்க் கொடுக்கிறேன். 19 ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு பேசினார் அந்த மனுஷன்!

ஜீப் தம்பி, சித்தி 2 எனக்கும் தெரியும். ஆனால் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? முதல் பாகம் போன வருஷம் அக்டோபரில் முடிந்ததும் இது ஆரம்பித்தது. அவர்கள் புத்திசாலித்தனமாகக் குடும்பத்தையே மாற்றிவிட்டார்கள். பேரும், ஸ்டாலின் முத்து, ஹேமா என்று இரண்டு பேரும் மட்டும்தான் பழசு. முதல் பாகத்தைப் பார்க்காத என் நாத்தனார்கூட உட்கார்ந்து பார்க்கிறாள். எதிர்நீச்சல் அப்படி இல்லை. அதே வீடு, அதே ஆள். அந்தச் சௌகரியம் இவர்களுக்குக் கிடையாது, அதுதான் எனக்குப் பயம்.

நகரித் தம்பி சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் எங்கள் வரிசையில் இதைச் சொன்னேன். ஒரே சண்டை. வெளியே வேலைக்கு அனுப்பினால் அடுப்படிப் பேச்சு போய்விடுமே என்று பாதிப்பேர். நாமெல்லாம் வேலைக்கு வந்துதானே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கூடலூர் அக்கா ஒருத்தி கேட்டாள், அதற்குப் பதில் யாருக்கும் வரவில்லை. அவளுக்கு வீட்டில் பேசவே ஆள் கிடையாது, மாமியாரும் இல்லை, ஓரகத்தியும் இல்லை. வாய் திறப்பதே முறத்துக்கு முன்னால்தான். நந்தினி கை சமையலை வைத்தே நாலு பேரும் ஒரு தொழில் ஆரம்பிக்கட்டும், ஒரே இடத்தில் நின்று செய்யட்டும், பேச்சும் இருக்கும் காசும் வரும் என்று அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். திருச்செல்வம் இதைப் படித்தால் எங்கள் வரிசைக்கு ஏதாவது கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

சேச்சிகளுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. கனிகா இருக்கிறாரா, இருக்கிறார். போதும்.

தம்பி, அந்த ஒரே டிவிக்கு என்ன முடிவு எடுத்தீர்கள்?

நகரி தறி

முதல் வாரம் எனக்கு, அடுத்த வாரம் அவளுக்கு என்று பேசியிருக்கிறோம். முதல் வாரத்தில் ஜனனி சரியில்லை என்றால் நிரந்தரமாக அவளுக்கே என்றும் பேச்சு. அவளும் கூட உட்கார்ந்து பார்ப்பாளாம், ஜனனி சரியில்லை என்று சொல்வதற்காகவே.

கம்பம் ஜீப்

அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியில் இருக்கிற எல்லோரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் குமுளி செக்போஸ்ட் தாண்டிய பிறகு பேசினால் போதும் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள். போன தடவை கொண்டை ஊசி வளைவில் சண்டை போட்டார்கள், ஓட்டுகிறவன் நான்.