நியூசிலாந்துப் பண்ணைக்குப் போனவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். வீட்டில் 14 கறவை மாடுகள், எல்லாம் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பினம். பத்து வருடமாக விடிகாலையில் கறந்து பால் கூட்டுறவு சொசைட்டிக்கு ஊற்றுகிறேன். காம்பைத் தொட்டதும் சூடு தெரிந்தால் போதும், மடிநோய் வருகிறது என்று சொல்லிவிடுவேன்.

நியூசிலாந்தில் பெரிய பண்ணை நடத்த வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. அங்கே ஒரு பண்ணைக்குச் சராசரியாக 400 மாடுகளுக்கு மேல், பெரும்பாலும் மேய்ச்சல்தான். நிலம் ஒருவருடையது, மாடுகள் இன்னொருவருடையது, பால் பணத்தில் ஆளுக்குப் பாதி. ஷேர்மில்கிங் என்கிறார்கள், நம்ம ஊர் வாரச் சாகுபடி மாதிரி. நிலம் வாங்க முடியாத எனக்கு அதுதான் வழி. முதலில் வேலையாளாகத்தான் சேர வேண்டும், சரி. அங்கே பால் பண்ணைகளுக்குப் புதுப் பருவம் ஜூன் 1ல் தொடங்குகிறது. அதற்குள் போய்ச் சேர ஆசை.

என் அனுபவத்துக்குச் சொசைட்டிப் பால் அட்டை சான்றாகுமா? மெஷின் கறவை இங்கேயே பழகிக்கொண்டு போக வேண்டுமா? ஒரு ஏஜென்ட் இரண்டு லட்சம் முன்பணம் கேட்கிறார், மனம் ஒப்பவில்லை. நேரடியாகப் பண்ணைக்காரரிடமே பேசிப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், என் மூத்த பசு நிறைமாதச் சினை. மாடுகளை விற்காமல் நம்பி ஒப்படைக்க என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.