கரும்புச் சாற்றில் பெனடிக்ட் சோதனை சிவந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மொரிசியஸில் ஃபிளாக் மாவட்டத்தின் பக்கம் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகளோடு சூடாக்கினால் பெனடிக்ட் என்ற நீலக் கரைசல் சிவந்துவிடும்; சுக்ரோஸ் (சாதாரண வெள்ளைச் சர்க்கரை) ஒடுக்கும் சர்க்கரை அல்ல என்று செய்து காட்ட வேண்டும். குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் பெனடிக்ட் கரைசலின் தாமிரத்தை ஒடுக்க அதற்கு வழியில்லை, நீலம் மாறக்கூடாது. கடையில் வாங்கிய வெள்ளைச் சர்க்கரையில் மாறவில்லை. கரும்புச் சாற்றை ஊற்றினால் மட்டும், கொதிநீரில் வைத்த கொஞ்ச நேரத்தில் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் அடியில் படிகிறது.

கரைசலைப் புதிதாக மாற்றிப் பார்த்தாச்சு, காய்ச்சி வடித்த நீரில் நீலம்தான். சாற்றிலுள்ள இன்வர்டேஸ் நொதி சுக்ரோஸைக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடைக்கிறதோ என்று பிழிந்த கையோடு சாற்றைக் கொதிக்கவைத்தேன், அப்போதும் சிவப்பு. நீர் கலந்தால் நிறம் குறைகிறது, போகவில்லை. கரும்பின் நுனிக் கணுவிடைச் சாறு அடிக்கரும்பைவிட நன்றாகவே சிவக்கிறது. நுனி முற்றாத பகுதி, அங்கே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அதிகம் என்பது சரி. ஆனால் அடிப்பகுதியும் முழு நீலமாக நிற்கவில்லையே! இது ஆகஸ்ட் மாத அறுவடைக் கரும்பு, வெட்டிய மறுநாள்தான் கைக்கு வருகிறது.

கரும்பிலேயே முதலில் இருந்த குளுக்கோஸ் எவ்வளவு, வெட்டிய பிறகு சுக்ரோஸ் உடைந்து வந்தது எவ்வளவு என்று பள்ளி ஆய்வகப் பொருட்களை வைத்தே பிரித்துக் காட்ட என்ன வழி?