'கண்டக்டர்' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஐடிஐ வயர்மேன் மாணவர்களுக்காக ஒரு பாடக்குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கண்டக்டர்' என்ற ஒரே சொல்லில் இரண்டு நாளாக நிற்கிறேன்.

பேருந்தில் வருபவர் நடத்துநர். இசைக்குழுவுக்கு முன் நின்று கோலசைப்பவரையும் இசை நடத்துநர் என்கிறோம். கட்டட உச்சியில் இருக்கும் 'லைட்னிங் கண்டக்டர்' இடிதாங்கி. அங்கே தமிழ் தனக்கென்று அழகான சொல்லை எடுத்துக்கொண்டது. இதிலெல்லாம் குழப்பமில்லை.

மின்சாரத்தில்தான் சிக்கல். செம்பு, அலுமினியம் போன்ற பொருளைச் சொல்லும்போது 'கடத்தி' சரி. குறைக்கடத்தி (செமிகண்டக்டர்), மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்) எல்லாம் அதிலிருந்து வந்தவைதானே. ஆனால் வயரிங்கில் கண்டக்டர் என்பது ஒரு பொருளின் குணம் அல்ல, கையில் பிடிக்கும் கம்பி. மூன்று கோர் கேபிளின் மேலுறையைச் சீவினால் உள்ளே மூன்று தனி வயர்கள். ஒவ்வொன்றின் பிளாஸ்டிக்குக்குள்ளும் முறுக்கிய செம்பு இழைகள். அந்தச் செம்பு மட்டும்தான் கண்டக்டர். மின்கம்பங்களில் ஓடும் 'ராபிட்' என்ற வகைக் கண்டக்டரில் நடுவே ஒரு எஃகு இழை, அதைச் சுற்றி 6 அலுமினிய இழைகள். எஃகு பலத்துக்கு, அலுமினியம் மின்சாரத்துக்கு. இந்த முழு முறுக்கையும் 'கடத்தி' என்றால் மாணவனுக்குப் புரியுமா? 'கம்பி' என்றால் எஃகுக் கம்பி என்று நினைப்பானோ?

லைன்மேன்கள், எலக்ட்ரீஷியன்கள், ஐடிஐ ஆசிரியர்கள் சொல்லுங்கள்: வேலையிடத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? 'நியூட்ரல் கண்டக்டர்', 'எர்த் கண்டக்டர்' இரண்டுக்கும் உங்கள் சொல் எது? அப்புறம், இலங்கைப் பாடநூல்களில் வேறு சொல் இருந்தால் அதையும் எழுதுங்கள்.