திருகோணமலையில் இருந்துகொண்டு முதுமாணி: சட்டமா, சமூக விஞ்ஞானமா?

திருக்கடலூர்:
கலைப்பீடத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் முடித்தவருக்கு எந்த முதுமாணி (மாஸ்டர்ஸ் பட்டம்) பொருந்தும்? சட்ட முதுமாணிக்குப் போகலாமா, அபிவிருத்திக் கற்கையா, சமூகவியலா? வேலையை விடாமல் படிக்க வேண்டும். இந்த வழியில் போனவர்களையும் பாதியில் நின்றவர்களையும் கிட்ட நின்று பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கோ.

உப்புவெளி:
தங்கச்சி, பாடத்தின் பெயரைப் பிறகு பார்க்கலாம். படிப்பு எத்தனையாம் மட்டம், எத்தனை கிரெடிட் (படிப்புச் சுமையை அளக்கும் அலகு) என்பதை முதலில் பாருங்கோ. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'முதுமாணி' என்று இருக்கும். மட்டம் அடியில் சின்னதாக இருக்கும், சிலவேளை இருக்கவே இருக்காது.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 12 மட்டங்கள். உங்கள் பொதுப் பட்டம் 5 ஆம் மட்டம், 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம், 120 கிரெடிட். அதற்கு மேல் 20 கிரெடிட்டுக்குப் பட்டப்பின் சான்றிதழ், 25 க்குப் பட்டப்பின் டிப்ளோமா. 9 ஆம் மட்டம் என்பது பாடநெறியை மட்டும் வைத்து முடிகிற முதுமாணி, 30 கிரெடிட். 10 ஆம் மட்டம் 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு உரியது. முதுதத்துவமாணி (எம்.பில்) 11, கலாநிதி (பிஎச்.டி) 12.

9 க்கும் 10 க்கும் சான்றிதழில் ஒரே 'முதுமாணி' என்ற சொல்தான் வரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அலுவலகத்தில் பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் 9 பெரும்பாலும் போதும். பின்னாளில் விரிவுரையாளராகவோ கலாநிதிப் படிப்புக்கோ போகும் எண்ணம் துளியாவது இருந்தால் ஆய்வுக் கூறு உள்ள இரண்டு வருடப் படிப்பைத்தான் எடுக்க வேண்டும். 9 ஐ முடித்துவிட்டு, ஆய்வேடு இல்லை என்று இன்னொரு முதுமாணியை அடியிலிருந்து தொடங்குபவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். விண்ணப்பத்தோடு ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய இரண்டு வருடம் அது.

நேரக் கணக்கும் போடுங்கோ. பாடநெறியில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேர உழைப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். 30 கிரெடிட் 1500 மணி நேரம். இரண்டு வருடத்தில் பரவினால் வாரத்துக்குச் சுமார் 14 மணி. இனிப் பயணம்: கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர், ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு மணி நேரம். வெள்ளி இரவு பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்பினால், படிப்புக்குத் தேவையான அதே 13, 14 மணி நேரம் தெருவில் போய்விடும். வரவு 80 சதவீதம் கேட்கும் இடங்களில் இரண்டாம் அரையாண்டில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள். பாடம் கடினம் என்பதற்காக அல்ல, தூங்காத திங்கட்கிழமைகளால்தான். ஆகவே அனுமதி கிடைத்தவுடன் கேட்க வேண்டியது: வகுப்பு ஒவ்வொரு வாரமுமா, மாதத்தில் இரண்டா, நிகழ்நிலையில் எத்தனை, அந்த நிகழ்நிலை வகுப்பு வரவில் சேருமா?

பக்கத்தில் இருப்பதைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் கோணேசபுரியில் நம் வாசலில் இருக்கிறது என்று நம்பி இருப்பார்கள். அங்கே உள்ளவை தொடர்பாடல் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம். கலை கலாசார பீடம் மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில். மூதூர், வெருகல், வாகரை வழியாகப் போனால் காலையில் புறப்பட்டு வகுப்புக்குப் போய் இரவுக்குள் வீடு திரும்பலாம். கொழும்போடு ஒப்பிட்டால் அது பெரிய ஆறுதல். பேராதனையில் மானிட, சமூக விஞ்ஞானங்களுக்கான பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது, கண்டிப் பாதை ஓரளவு தாங்கும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டக் கற்கைகள் பீடத்தில் அபிவிருத்தி, மோதலும் சமாதானமும், பெண்கள் கற்கை போன்ற பல்துறைப் படிப்புகள் உள்ளன. பல்துறைப் படிப்புக்கு எந்தப் பட்டமும் ஓரளவு பொருந்தும். சமூகவியல், பொருளியல் என்று ஒற்றைப் பாடத்தில் முதுமாணி கேட்டால், அந்தப் பாடம் உங்கள் பட்டத்தில் இருந்ததா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் தகைமைகாண் பரீட்சை ஒன்று குறுக்கே வரும்.

கிண்ணியா:
சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். உப்புவெளி அண்ணன் மட்டத்தைச் சொன்னார். சட்டத்தில் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கு: உங்களுக்கு வேண்டியது பட்டமா, தொழில் செய்யும் அனுமதியா?

சட்ட முதுமாணி முடித்தால் கறுப்புக் கோட்டுப் போட்டு நீதிமன்றம் போகலாம் என்று நம்பி விசாரிக்க வருகிற பிள்ளைகள் வருடா வருடம் இருக்காங்க. போக முடியாது. சட்டத்தரணியாக வேண்டுமென்றால் இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகள், ஆறு மாதத் தொழில் பயிலுநர் காலம், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம், இதுதான் வழி. சட்டமாணிப் பட்டம் (எல்.எல்.பி) உள்ளவர்களுக்குச் சட்டக் கல்லூரியில் சலுகை உண்டு, மற்றவர்களுக்குப் போட்டிப் பரீட்சை. முதுமாணி இந்தப் பாதையில் எந்தப் படியையும் குறைத்துத் தராது.

கலைப்பட்டம் மட்டும் உள்ளவருக்குச் சட்ட முதுமாணியின் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். சட்டமாணி அல்லது சட்டத்தரணித் தகுதி கேட்பார்கள். சட்டம் கட்டாயம் வேண்டும் என்றால் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணியிலிருந்து தொடங்கலாம். தெரிவுப் பரீட்சை இருக்கு, மட்டக்களப்பில் அதன் பிராந்திய நிலையம் இருக்கு. வருடங்கள் ஆகும், ஆனால் அது நேர்வழி. சட்டத்தை நீதிமன்றத்துக்காக இல்லாமல் மனித உரிமை, நிர்வாகம், அரச சார்பற்ற நிறுவன வேலைக்காகக் கேட்டால், சமாதானக் கற்கையோ பொதுக் கொள்கையோ உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

மொழி முக்கியம். சட்டக் கல்லூரியை ஆங்கில மொழிமூலத்துக்கு மட்டும் மாற்றும் விதிகள் 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்தன. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவற்றை நிராகரித்தது. தமிழில் படித்துச் சட்டத்தரணியாகலாம் என்பது அதனால் தப்பியது. முதுமாணியில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம், வாசிப்பு முழுவதும் ஆங்கிலத் தீர்ப்புகளும் கட்டுரைகளும்தான். அனுமதிக்கு முன்னால் ஆறு மாதம், வாரத்துக்கு ஒரு தீர்ப்பு முழுசாக வாசித்து, வழக்கின் சங்கதி, எழுந்த கேள்வி, முடிவு, அதன் காரணம் என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பழகினால் முதலாம் அரையாண்டு உங்களைத் தள்ளிவிடாது.

விருப்பப் பாடங்களின் பட்டியலை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். பட்டியலில் பத்து இருக்கும், போதிய மாணவர் சேர்ந்தவைதான் நடக்கும். போன தொகுதிக்கு உண்மையில் என்னென்ன நடந்தது என்று பிரதிப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்க, சொல்வாங்க.

மூதூர்:
கிண்ணியா நானா சொன்ன வாசிப்புப் பழக்கம் சமூக விஞ்ஞானத்துக்கும் பொருந்தும். நான் ஆய்வேட்டைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் பாடநெறியில் தோற்பவர் குறைவு, ஆய்வேட்டில் நிற்பவர்தான் கூட. நீடிப்புக் கட்டணம் ஒவ்வொரு தவணைக்கும் ஏறும். சேரும்போதே அந்தக் கட்டணம் எவ்வளவு, உச்ச காலம் எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

நிற்பதற்கு முதற்காரணம் தலைப்பு. 'கிழக்கு மாகாணத்தில் மீனவர் வறுமை' என்று ஒரு முன்மொழிவு வந்தால் எந்தக் குழுவும் திருப்பி அனுப்பும். அனுப்பாவிட்டால் மாணவருக்கு இன்னும் ஆபத்து. அதையே இப்படிச் சுருக்கிப் பாருங்கள்: குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவில் இரண்டு இறங்குதுறைகளில், கரைவலைத் தொழிலாளிக்குச் சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) கொடுக்கும் முற்பணம் எப்படித் திரும்ப அறவிடப்படுகிறது? இடம் தெரிகிறது, ஆள் தெரிகிறார், கேட்க வேண்டியது தெரிகிறது. 20 நேர்காணலில் முடியும்.

சட்டத்திலும் அப்படித்தான். 'காணிப் பிரச்சினை' ஒரு தலைப்பு அல்ல. நீண்டகால ஆட்சியை வைத்து உரிமை கோருவது பற்றிய 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை யுத்தத்தால் தன் காணிக்குப் போக முடியாதவருக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்கிறது. இடம்பெயர்ந்து திரும்பிய மூதூர்க் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்பது ஒரு கேள்வி. திருகோணமலை மாவட்ட நீதிமன்றப் பதிவேட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்து அதைச் செய்யலாம். கொழும்பில் இருக்கும் மாணவருக்கு இல்லாத வசதி அது. இந்த ஊரில் இருப்பதைக் குறையாக மட்டும் எண்ணாதீர்கள் என்று மனதாரச் சொல்கிறேன்.

இரண்டாவது காரணம் தரவு. மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிவரக் கைந்நூலில் பிரதேச செயலாளர் பிரிவு வாரியான எண்கள் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். அங்கே இல்லாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. 'மீனவர் விவரம் அனைத்தும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எந்தப் பதிவேடு என்று தனித்தனி இலக்கமிட்டுக் கேட்டால் வரும். நேர்காணலுக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். அனுமதிக்கு முன் எடுத்த நேர்காணலை ஆய்வேட்டில் போட முடியாமல் போகும்.

மூன்றாவது, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: எழுத்துப்பெயர்ப்பு. 45 நிமிட நேர்காணல் 20 என்றால் 15 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரத்தைத் தட்டச்சு செய்ய ஐந்து மணி வைத்தால் 75 மணி நேரம். ஆங்கிலத்தில் ஆய்வேடு என்றால் மொழிபெயர்ப்பும் சேரும். எல்லாவற்றையும் மொழிபெயர்க்காமல், மேற்கோள் காட்டும் பகுதியை மட்டும் மொழிபெயர்க்க மேற்பார்வையாளரிடம் தொடக்கத்திலேயே சம்மதம் வாங்குங்கள். சம்மாட்டி, தண்டல் (படகை நடத்துபவர்) போன்ற சொற்களை 'முதலாளி', 'ஓட்டி' என்று ஆங்கிலமாக்கினால் கடனும் உறவும் சேர்ந்த அந்தப் பொருள் போய்விடும். சொல்லை அப்படியே வைத்து ஒருமுறை விளக்குவதுதான் சரி. தமிழில் எழுதுபவர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள். கோப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது, வேறு கணினியில் திறந்தால் கிறுக்கல் போல வரும். யூனிகோடில் தொடங்குங்கள்.

நிலாவெளி:
வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. பிரித்தானிய முதுமாணியின் 180 கிரெடிட்டைப் பார்த்து நம் 30 ஐ விட ஆறு மடங்கு என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒரு கிரெடிட் 10 மணி நேரம், மொத்தம் 1800. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2800 மணி நேர வேலை அனுபவம், மூன்று வெவ்வேறு படிப்புகளுக்கு விண்ணப்பம், முடிந்து குறைந்தது இரண்டு வருடம் நாடு திரும்பியிருத்தல். இந்தியாவுக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு உரியது. புதுடில்லியில் உள்ள தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம், சமூகவியல், சர்வதேச உறவுகள் உண்டு. கொழும்பில் இருந்தபடியே வெளிநாட்டுப் பட்டம் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுமுன், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று நீங்களே எழுதிக் கேளுங்கோ.

பெயர் எழுத்தையும் இப்போதே சரிபாருங்கோ. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்று அறிக்கை, கடவுச்சீட்டு நான்கிலும் தகப்பன் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் ஒன்றில் விரிந்தும் இருக்கும். திருத்த மாதங்கள் ஆகும். பெறுபேற்று அறிக்கையைப் பல இடங்கள் உங்கள் கையிலிருந்து வாங்காது, பல்கலைக்கழகப் பதிவாளர் முத்திரையிட்ட உறையில் நேரே அனுப்ப வேண்டும். முடிவுத் திகதிக்கு ஆறு வாரம் முன்பே கோருங்கோ.

திருக்கடலூர்:
அனைவருக்கும் நன்றி. மூதூர் அக்கா, அந்தக் கரைவலைத் தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. களவேலைக்கு எந்த மாதம் நல்லது?

மூதூர்:
ஒரே தடவையில் முடிக்காதீர்கள் தங்கச்சி. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதி. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவரும் வந்து தங்கியிருப்பார்கள். கரையில் எல்லோரும் இருப்பார்கள், ஆனால் பேச நேரம் இருக்காது. அப்போது பார்த்துக் குறிப்பெடுங்கள். வலை இழுப்பது, மீன் பிரிப்பது, கணக்கு எழுதுவது. நவம்பரில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் தொழில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், முற்பணம் வாங்குவதும் அந்த மாதங்களில்தான் அதிகம். நேர்காணலை அப்போது வையுங்கள். ஒழுக்கநெறி அனுமதிக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்தால்தான் ஏப்ரலுக்குக் கையில் இருக்கும்.