கானா நாவலைப் பாதியில் மூடிவிட்டேன், வேறு எங்கிருந்து தொடங்குவது?

வாசல்திண்ணை:

எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த மாதம் ஆப்பிரிக்கா என்று முடிவாகி, சீட்டுக் குலுக்கியதில் எனக்கு கானா விழுந்தது. எல்லோரும் சொல்கிறார்களே என்று அயி க்வேய் அர்மாவின் 1968 நாவலை எடுத்தேன். தலைப்பைத் தமிழில் ‘அழகானவர்கள் இன்னும் பிறக்கவில்லை’ என்று சொல்லலாம். அறுபது பக்கம் தாண்டவில்லை. எச்சில், கக்கூஸ், லஞ்சம், மறுபடி கக்கூஸ். சாப்பிட்ட கையோடு படிக்கவே முடியவில்லை. கதாநாயகனுக்குப் பெயர்கூட கிடையாது, வெறும் ‘அந்த ஆள்’. லஞ்சம் வாங்காத ரயில்வே குமாஸ்தா, அதற்காகவே வீட்டில் மனைவியிடம் திட்டு வாங்குகிறான், இவ்வளவுதான் இதுவரை நடந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், கானா என்றாலே அனான்சே என்ற சிலந்தியின் கதைகள், வாய்மொழி மரபு, பாட்டி சொன்ன கதை என்று முன்னுரைக்கு முன்னுரை எழுதியிருக்கிறார்கள். நான் படித்ததில் சிலந்தியும் இல்லை, பாட்டியும் இல்லை. இரண்டு வாரத்தில் குழுவில் பேச வேண்டும். எதை எடுக்கலாம்? இந்த வாய்மொழி மரபு என்பது நிஜமாகவே எழுத்துக்குள் இருக்கிறதா, இல்லை பின்னட்டைக்காகச் சொல்வதா?

பழையபுத்தகம்:

மூட வேண்டாம், முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். விடியாத நேரத்தில் பஸ் கண்டக்டர் அன்றைய வசூலை எண்ணுகிறான், கானா நாணயமான சேடியில் ஒரு நோட்டை மூக்கில் வைத்து முகர்கிறான். புதிய நோட்டு, வாடை மட்டும் அரதப் பழசு. மொத்த நாவலும் அதில் இருக்கிறது என்பேன். 1957 மார்ச்சில் சுதந்திரம், 1965இல் சொந்த நாணயம், 1966 பிப்ரவரியில் ராணுவம் அதிபர் என்க்ருமாவைக் கவிழ்த்துவிட்டது. ஒன்பதே வருடம்! அந்த ஒன்பது வருடக் கசப்பை டகோராடி ரயில்வே ஆபீசின் மாடிப்படிக் கைப்பிடியில் காட்டுகிறார். எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் அந்த மரம் அழுக்கையே இழுத்துக்கொள்ளும் என்று ஒரு இடம் வரும், கவனித்துப் படியுங்கள்.

மனைவி திட்டுவதைச் சொன்னீர்கள். அவள் சும்மா திட்டவில்லை, சிச்சிடோடோ என்ற பறவையைச் சொல்லித் திட்டுகிறாள். அதற்கு மலம் என்றால் அருவருப்பு, ஆனால் அது தின்பது மலத்தில் நெளியும் புழுவை மட்டும்தான். யோசித்துப் பாருங்கள், இதுவே ஒரு சின்ன வாய்மொழிக் கதை இல்லையா? கடைசியில் ஆட்சி கவிழ்ந்ததும் அமைச்சர் எந்த வழியாகத் தப்பிக்கிறார் என்பதைச் சொன்னால் கெட்டுப்போகும், ஆனால் நீங்கள் சகித்த கக்கூஸ் எல்லாம் அதற்குத்தான். உங்களுக்கு மட்டும் குமட்டவில்லை, நைஜீரிய நாவலாசிரியர் அச்சேபேயே இதை நோய்பிடித்த புத்தகம் என்று எழுதினார். நான் அச்சேபே பக்கம் இல்லை.

மிளகுரசம்:

பழையபுத்தகம் சொல்வது சரிதான், ஆனால் இரண்டு வாரத்தில் பேச வேண்டியவருக்கு இது கொடுமை. அமா அட்டா ஐடூவின் 1970 சிறுகதைத் தொகுப்பை எடுங்கள். ‘இங்கே இனிப்பில்லை’ என்கிற மாதிரி தலைப்பு. அதில் ஒரு கதை, கிராமத்திலிருந்து ஒருவன் தலைநகர் அக்ராவுக்குப் போய், பல வருடமாகத் தகவலே இல்லாத சகோதரியைத் தேடிவிட்டு ஊர் திரும்பி, பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறான். கதை முழுக்க அவன் பேச்சுதான். நடுநடுவே தொண்டை வறள்கிறது, குடிக்க ஊற்றுங்கள் என்கிறான். எதிரே இருப்பவர்களின் குரல் நம் காதில் விழாது, ஆனால் அவன் எங்கே தயங்குகிறான், எங்கே சுற்றி வளைக்கிறான் என்பதை வைத்தே அவர்கள் முகம் தெரிந்துவிடும். அவளைக் கண்டுபிடித்தது எந்த மாதிரி இடத்தில் என்பதைச் சொல்லத்தான் அத்தனை மென்று விழுங்கல். வாய்மொழி மரபு எங்கே என்று கேட்டீர்களே, இங்கே இருக்கிறது. சிலந்தி வர வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் நாடகம். ஐடூ லெகோன் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோதே, 1964இல், ‘ஒரு பேயின் திண்டாட்டம்’ மேடையேறியது. படித்த பையன் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறான். அவளை அடிமை வம்சம் என்று வீட்டுப் பெண்கள் பதறுகிறார்கள். நடுவில் குழந்தைகள் பாடும் பாட்டு ஒன்று, முச்சந்தியில் நிற்கும் பேய்க்கு கேப் கோஸ்ட் போவதா எல்மினா போவதா என்று தெரியவில்லை. இரண்டு ஊரிலும் கடலோரம் நிற்பது அடிமைக் கோட்டை! இதைத் தெரிந்துகொண்டு அந்தக் குழந்தைப் பாட்டைப் படித்தால் சிலிர்க்கும். ‘அனோவா’ நாடகத்தில் ஒரு கிழவனும் கிழவியும் ஊர்வம்பு பேச வருவார்கள், அந்த ஜோடிக்குப் பெயரே ‘உப்பும் மிளகும் தின்னும் வாய்’. ஊர் வாய் என்று நாம் சொல்வோமே, அதையே பாத்திரமாக்கி மேடையில் உட்கார வைத்துவிட்டார்.

சிலந்தியே வேண்டும் என்றால் எஃபுவா சதர்லண்டின் ‘அனான்சேவாவின் திருமணம்’, 1975. அகான் மக்களிடம் கதை என்றாலே அனான்சேசம்தான், சிலந்தி வராத கதைக்கும் அதே பெயர், ஏனென்றால் ஆகாயக் கடவுளிடமிருந்து எல்லாக் கதைகளையும் வாங்கிக்கொண்டு வந்தது அந்தக் கில்லாடி. கதை சொல்லும்போது கேட்பவர் யார் வேண்டுமானாலும் குறுக்கே புகுந்து ஒரு பாட்டை எடுத்து விடலாம், அதற்கு ம்போகுவோ என்று பெயர். சதர்லண்ட் அதை அப்படியே நாடகத்துக்குள் கொண்டுவந்தார். இதில் அனான்சே கடன்கார அப்பன். மகளை ஒரே நேரத்தில் நான்கு தலைவர்களுக்குப் பேசி நாலு பக்கமும் சீர் வாங்குகிறான், அந்தக் கடிதங்களை மகளையே டைப் அடிக்க வைக்கிறான். நான்கு பேரும் ஒரே சமயத்தில் கிளம்பி வருகிறார்கள் என்று தெரிந்ததும் மகளைச் செத்தவள் மாதிரி படுக்கச் சொல்கிறான். எழவுக்கு யார் எப்படி வருகிறார்கள் என்பதை வைத்து மாப்பிள்ளை தேர்வு. இதைவிட வேறென்ன வேண்டும் உங்கள் குழுவுக்கு?

தேமாக்காரன்:

நான் நாலு வருடம் கானாவில் தேமா துறைமுகத்துப் பக்கம் வேலை பார்த்தவன். இலக்கியம் பெரிதாகத் தெரியாது, ஆனால் இரண்டு விஷயம் சொல்லத் தோன்றுகிறது.

ஒன்று, அர்மாவின் தலைப்பு. அந்த ஆங்கிலத் தலைப்பில் ‘Beautyful’ என்று ஒரு எழுத்துப் பிழை உண்டு, கவனித்தீர்களா? அச்சுப் பிழை இல்லை. நாவலின் கடைசியில் ஒரு வண்டியின் பின்னால் அப்படித்தான் எழுதியிருக்கும். அங்கே ட்ரோட்ரோ என்ற வேன்களில் எதையாவது எழுதி வைக்காமல் ஓட்டவே மாட்டார்கள், மீன்பிடிப் படகிலும் அப்படித்தான். ‘கடல் வற்றாது’ என்று எழுதிய வண்டியில் நானே தினமும் போயிருக்கிறேன், டயர் வழுவழுவென்று இருக்கும்.

இரண்டு, சாவு. சனிக்கிழமை என்றால் எங்காவது ஒரு பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கறுப்பும் சிவப்புமாகத் துணி, ஸ்பீக்கர். எங்களோடு வேலை பார்த்த ஒருவரின் தாயாருக்காக வோல்டா பக்கம் அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு வயதான அம்மா எழுந்து பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட, மொழி ஒரு சொல் புரியவில்லை, ஒப்பாரி என்று மட்டும் புரிந்தது. திரும்பி வந்து விசாரித்ததில்தான் கவிஞர் கோஃபி அவூனர் பெயர் கிடைத்தது. எவே மொழிக்காரர், அவருடைய பாட்டியே ஒப்பாரி பாடியவர். அக்பாலு என்ற பெரிய ஒப்பாரிக் கவிஞரின் அடிகளை எடுத்து ஆங்கிலத்தில் வளர்த்ததுதான் அவருடைய ‘துயரப் பாடல்கள்’. அதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் குரலில்தான் கேட்டது. அவூனர் 2013 செப்டம்பரில் ஒரு இலக்கிய விழாவுக்காக நைரோபி போனவர், வெஸ்ட்கேட் மாலில் நடந்த தாக்குதலில் இறந்துபோனார்.

குறுக்குச்சால்:

நீங்கள் சொன்னது அத்தனையும் ஆங்கிலம். வாய்மொழி, ஒப்பாரி, ஊர்வம்பு என்றெல்லாம் பேசிவிட்டு எழுதியது வெள்ளைக்காரன் மொழியில் என்றால், ஊர்க்காரர் யார் படித்தார்கள்? இதை யாரும் கேட்க மாட்டீர்களா?

மிளகுரசம்:

கேட்க வேண்டிய கேள்விதான். கோபினா செக்யி 1915லேயே இதை வைத்து ஒரு நாடகம் எழுதி கேலி செய்தார், ஃபான்டியும் ஆங்கிலமும் கலந்து. கேப் கோஸ்ட்டில் எல்லாவற்றிலும் வெள்ளைக்காரியாகப் பார்க்கும் ஒரு சீமாட்டிதான் அதில் நையாண்டிப் பொருள். ஃபியாவூ எவேயில் எழுதிய நாடகம் 1937இல் அச்சாகிவிட்டது. ட்வி, ஃபான்டி, கா, எவே எல்லாவற்றிலும் புத்தகம் வந்திருக்கிறது, நம் கைக்கு வருவது ஆங்கிலம் மட்டும். சதர்லண்ட் தன் அனான்சே நாடகத்தை அகான் மொழியிலும் செய்தார், எக்கும்ஃபி அட்வியா என்ற கிராமத்தில் ‘கதை வீடு’ என்றே ஒரு அரங்கு எழும்பவும் அவர்தான் காரணம். ஊர்க்காரர்கள் படித்தார்களோ இல்லையோ, பார்த்தார்கள். ஐடூ 1982இல் கல்வி அமைச்சராகவே ஆனார், படிப்பை எல்லோருக்கும் இலவசமாக்க முடியாது என்று தெரிந்ததும் பதவியை விட்டுவிட்டார். அவருடைய ஆங்கிலத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், வாக்கியத்தின் எலும்பு ஃபான்டி.

வாசல்திண்ணை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்தச் சிறுகதையை எடுத்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னீர்களே என்று அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பாதியிலேயே அம்மா, “இவன் இத்தனை தடவை தண்ணி கேட்கிறானே, பொண்ணு கெட்டுப்போயிட்டாளா?” என்று குறுக்கே கேட்டுவிட்டார். ம்போகுவோவில் பாட்டுதான் வர வேண்டுமா, கேள்வியும் கணக்கில் சேருமா?

குழுவுக்கு அந்தக் கதைதான். அர்மாவையும் மூடவில்லை, காலையில் காபிக்கு முன்னால் மட்டும் பத்துப் பத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது.