புது ஸ்போர்ட்ஸ் பைக்: மணிக்கட்டு வலி, வெட்டி இழுக்கும் த்ராட்டில், விழாத நியூட்ரல் – எது பழகும், எதைச் சரிசெய்யணும்?

கிளிப்ஆன்_புதுசு:

வணக்கம். 150 சிசி கம்யூட்டரில் இருந்து முழு ஃபேரிங் (வண்டியைச் சுற்றிய உறை) வைத்த 400 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிக்கு மாறியிருக்கிறேன். ஃபோர்க் குழாயில் தாழ்வாக மாட்டிய கிளிப்-ஆன் ஹேண்டில், பின்னால் தள்ளி வைத்த ஃபுட்பெக், அசிஸ்ட்-ஸ்லிப்பர் கிளட்ச், கேபிள் த்ராட்டில். ஓடோமீட்டர் 600 கி.மீ. தாண்டியிருக்கிறது, முதல் சர்வீஸ் 1000-த்தில். என் எடை 74 கிலோ.

ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டினாலே இரண்டு மணிக்கட்டும் வலிக்கிறது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. 30-40 கி.மீ. வேகத்தில் த்ராட்டிலை மூடித் திறந்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. சிக்னலில் நியூட்ரல் விழுவதே பெரும்பாடு, ஃபர்ஸ்ட் போட்டால் ‘டக்’ என்று சத்தம். ஃபேன் ஓட ஆரம்பித்தால் வலது காலில் அனல் அடிக்கிறது. சர்வீஸில் கேட்டால் “போகப் போகப் பழகிடும்” என்கிறார்கள். இதில் எதெல்லாம் நிஜமாகவே பழகும்? ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் போட்டால் கை வலி தீருமா?

முட்டிப்பிடி:

ரைசர் கடைசி. அதற்கு முன் காசு செலவில்லாத வேலை நிறைய இருக்கிறது.

எந்த விரல் மரக்கிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. சுண்டுவிரல், மோதிரவிரல் என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்து மேட்டில் பாரம் விழுகிறது. அல்நார் நரம்பு அந்த வழியாகத்தான் விரலுக்குப் போகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு மடங்கி மீடியன் நரம்பு நெரிபடுகிறது, அங்கே முதல் சந்தேகம் லீவர் கோணத்தின் மேல். உங்களுக்கு முதல் வகை, அதாவது உடம்பையே கையில் ஊன்றி ஓட்டுகிறீர்கள். கம்யூட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து பழகியவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

பாரம் இறங்க வேண்டியது சீட்டிலும் ஃபுட்பெக்கிலும். டேங்க்கை ஒட்டி உட்காராமல் ஒரு முஷ்டி அளவு இடைவெளி விட்டுப் பின்னால் உட்காருங்கள். முதுகைக் கூன் போட்டுக் குனியாமல் இடுப்பில் இருந்தே முன்னால் சாயுங்கள். பாதத்தின் முன்பகுதி ஃபுட்பெக்கில், தொடையும் முழங்காலும் டேங்க்கைக் கவ்வியபடி. பிரேக் பிடிக்கும்போது இந்தக் கவ்வல் இல்லையென்றால் மொத்த உடம்பும் முன்னால் வழுக்கிக் கையில் வந்து விழும். சிக்னலுக்குச் சிக்னல் அதுதான் நடக்கிறது. டேங்க் வழவழப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் கிரிப் பேட் ஒட்டுங்கள். இந்த வகை வண்டிக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் துணைப்பொருள் அதுதான், எக்ஸாஸ்ட் எல்லாம் அப்புறம்.

சரியாக உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பார்க்க, காலியான நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது கைப்பிடியை விடாமல் இரண்டு முழங்கையையும் மேலும் கீழும் அசையுங்கள். தடங்கல் இல்லாமல் அசைந்தால் சரி. அசைக்கும்போது உடம்பு முன்னால் சரிந்தால் இன்னும் கையில்தான் நிற்கிறீர்கள். கைப்பிடியையும் குறுக்காக இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிப்பது போலச் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் உள்ளங்கை ஓரத்தில் விழும் அழுத்தம் விலகும்.

ஒரு விஷயத்தை எதிர்பார்த்தே ஆக வேண்டும். வேகத்தில் மார்பில் மோதும் காற்று உடம்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில் அமைத்த இருக்கை இது. ஹைவேயில் 80-90க்கு மேல் மணிக்கட்டு லேசாவது தெரியும். ஊருக்குள் அந்தத் தாங்கல் கிடையாது. ஊருக்குள் கொஞ்சம் வலிப்பது இயல்பு. ஹைவேயிலும் அதே வலி என்றால்தான் பொருத்தத்தில் கோளாறு.

அடுத்து லீவர். சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் முழங்கை, மணிக்கட்டு, விரல் நுனி மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். பெரும்பாலும் லீவர் மேலே தூக்கி இருக்கும், மணிக்கட்டு பின்னால் மடங்கும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிளாம்ப்பின் இரண்டு போல்ட்டையும் கழற்றாமல் தளர்த்தி, கொஞ்சம் கீழே திருப்பி, மேல் போல்ட்டை முதலில் முடுக்கிவிட்டுக் கீழ் போல்ட்டுக்கு வாருங்கள். ரொம்பத் திருப்பினால் பிரேக் ஆயில் கப் சாயும், அது கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்குள் சின்ன முளை ஒன்று ஹேண்டில் துளையில் உட்கார்ந்திருக்கும். அதை முறுக்கி உடைத்துவிடாதீர்கள். லீவரில் எண் போட்ட சக்கரம் இருந்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவர் மேல் விழும் அளவுக்கு வையுங்கள்.

கியர் லீவரையும் பாருங்கள். கணுக்காலைத் தூக்கித் தூக்கி கியர் போட வேண்டியிருந்தால் இணைப்புக் கம்பியின் இரண்டு லாக் நட்டையும் தளர்த்தி நடுக்கம்பியைத் திருப்பினால் லீவர் ஏறும், இறங்கும். ஒரு பக்க நட் இடது மரை. வழக்கமான திசையில் வராவிட்டால் பலத்தைக் காட்டாமல் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பின் பிரேக் பெடலை இறக்கினால் ஸ்பிரிங் வைத்த பிரேக் லைட் ஸ்விட்சையும் சேர்த்துச் சரிசெய்யணும், இல்லையென்றால் லைட் எரிந்துகொண்டே இருக்கும்.

தொங்கல்_அளவு:

வெட்டி இழுப்பதும் நியூட்ரல் விழாததும் பழகும் சமாச்சாரம் என்று விடாதீர்கள். மூன்று இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

ஒன்று, செயின் தொங்கல்: கீழ்ப்பக்க செயினின் நடுவில் விரலால் மேலே தள்ளி, கீழே இழுத்து, மொத்த அசைவு எத்தனை மி.மீ. சக்கரத்தைத் திருப்பி நாலு இடத்தில் பாருங்கள். மிகக் குறைவாக வரும் இடம்தான் கணக்கு. இரண்டு, கிளட்ச் லீவர் நுனியில் ஃப்ரீ ப்ளே, அதாவது கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா அசையும் தூரம். மூன்று, த்ராட்டில் பிடியின் விளிம்பில் கேபிள் இழுபடும் வரை எவ்வளவு சும்மா சுற்றுகிறது.

கிளிப்ஆன்_புதுசு:

செயின் 46 மி.மீ., இறுக்கமான இடத்தில். கிளட்ச் லீவர் நுனியில் 22 மி.மீ. த்ராட்டில் 6 மி.மீ. ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கரில் செயினுக்கு 25-35 என்று போட்டிருக்கிறது.

தொங்கல்_அளவு:

மூன்றுமே அதிகம். ஒவ்வொன்றும் மற்றதைப் பெரிதாக்கிக் காட்டும்.

த்ராட்டிலை முழுசாக மூடினால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். திறந்ததும் பெட்ரோல் திடீரென்று திரும்பும். அதற்குள் 6 மி.மீ. சும்மா சுற்றல், அப்புறம் தொங்கும் செயின் விறைக்கும் வரை ஒரு இடைவெளி, அப்புறம் ‘டக்’கென்று ஒரு அடி. நீங்கள் சொல்லும் வெட்டல் அதுதான். பெட்ரோல் நிற்பது வண்டியின் குணம், அதை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் சரிசெய்யக் கூடியவை.

த்ராட்டில் கேபிளின் பிடிப் பக்க அட்ஜஸ்டரில் 2-3 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். செயினுக்கு, அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டர் போல்ட்டையும் கால் சுற்று, கால் சுற்றாக, இடம் வலம் சமமாகத் திருப்பி 30 மி.மீ. அளவுக்கு வாருங்கள். ஸ்விங்ஆர்மின் கோட்டுக்குறி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கணும். நட்டை முடுக்கும்போது செயினின் மேல்பக்கத்துக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே ஒரு துணியைச் செருகிச் சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பி வைத்துக்கொண்டால் அச்சு முன்னால் வந்து அட்ஜஸ்டரில் பதியும். துணியை எடுக்க மறக்காதீர்கள். கடைசி முறுக்கு, முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், மேனுவலில் இருக்கும் அளவுக்கு. ரெஞ்ச் இல்லையென்றால் செயினை மட்டும் சர்வீஸில் விடுங்கள், ஆனால் 1000 வரை காத்திருக்க வேண்டாம். முடுக்கிய பிறகு மறுபடி அளங்கள், நட் இறுகும்போது தொங்கல் சற்று மாறும். 25க்குக் கீழே போகவே கூடாது: பின்சக்கரம் மேலே எழும்பும்போது செயின் இன்னும் விறைத்து கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட் பேரிங்கைத் தின்னும். தொங்கலாவது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், இறுக்கம் காட்டாது.

கிளட்ச் 22 என்றால் லீவரை முழுசாக அழுத்தினாலும் தட்டுகள் முழுசாகப் பிரியவில்லை. உள்ளே ஷாஃப்ட் இழுபட்டுக்கொண்டே இருக்கும், நியூட்ரல் விழாது, ஃபர்ஸ்ட் போடும்போது சத்தமும் கூடும். புது கேபிள் முதல் சில நூறு கி.மீ.யில் இளகும், புதுசில் இது வழக்கம்தான். 10-15 மி.மீ.க்குக் குறையுங்கள். ப்ளேயே இல்லாமல் இழுத்துக் கட்டினால் தட்டுகள் வழுக்கித் தேயும், அதுவும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் காலையில் முதல் கியர் ‘டக்’ என்றால் விட்டுவிடுங்கள். ஆயிலில் ஊறிய தட்டுகள் குளிரில் ஒட்டிக்கொள்ளும், ஐட்லிங்கும் அப்போது உயரமாக இருக்கும். ஐட்லிங் இறங்கும் வரை பொறுத்து, கிளட்ச்சைப் பிடித்து இரண்டு மூன்று விநாடி கழித்து கியர் போட்டால் சத்தம் குறையும். நியூட்ரலை வண்டி நிற்கும் முன், கடைசி உருளலில், இரண்டாவதில் இருந்து போடுங்கள். கவாசாகி வண்டி என்றால் நின்றபடி ஃபர்ஸ்டில் இருந்து மேலே தட்டினால் நியூட்ரலைத் தாண்டாது. அதில் பாசிட்டிவ் நியூட்ரல் ஃபைண்டர் உண்டு. நிற்கும்போது இரண்டாவது விழவில்லை என்று அந்த வண்டிக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

ஓட்டும் விதத்தில் ஒன்று. புது வண்டியைப் பதமாக ஓட்டும் ரன்னிங்-இன் காலம் என்று ஆர்பிஎம்மைக் குறைக்க 40 கி.மீ.யில் ஐந்தாவது கியரில் போகிறீர்களா? இன்ஜின் திணறி வெட்டும் இடமே அதுதான். மேனுவல் சொல்லும் உச்ச ஆர்பிஎம்முக்குக் கீழேயே நின்றுகொண்டு இரண்டாவது, மூன்றாவதில் போங்கள். த்ராட்டிலை முழுசாக மூடாமல் ஒரு நூலிழை திறந்து வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் குறையுங்கள்.

சேக்_35:

மேலே இருவரும் சஸ்பென்ஷனைத் தொடவே இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வாங்காத அதிர்ச்சி நேராக உள்ளங்கைக்குத்தான் வரும், விரல் மரப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

உங்கள் எடையில் வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்று அளங்கள். முன்பக்கம்: ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டி டஸ்ட் சீல் வரை தள்ளுங்கள். ஓட்டும்போது போடும் பாதுகாப்பு உடையெல்லாம் மாட்டிக்கொண்டு மெதுவாக ஏறி, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, மெதுவாக இறங்குங்கள். முன்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி, டைக்கும் சீலுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளங்கள். 120 மி.மீ. பயணம் உள்ள ஃபோர்க்கில் 30-40 வந்தால் சாலைக்குச் சரி. பின்பக்கம், சக்கரம் தொங்கும்போதும் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதும் அச்சில் இருந்து வால் பகுதியின் ஒரே புள்ளிக்கு அளந்து கழியுங்கள். அங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதற்கு இரண்டாவது ஆள் வேண்டும், தனியாக அளந்தால் எண் தப்பாக வரும்.

ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டி உயரமாக நிற்கும், அவ்வளவுதான். பின்னால் ஆள் ஏற்றுவதற்காக ப்ரீலோடை ஏற்றிவிட்டுத் தனியாக ஓட்டினால் பின்பக்கம் தூக்கி, சின்னப் பள்ளத்துக்கெல்லாம் உதைக்கும். டூல் கிட்டில் இருக்கும் கொக்கி ஸ்பேனரால் ஒவ்வொரு படியாக இறக்கி அளங்கள். பல 400 சிசி வண்டிகளில் முன் ஃபோர்க்கில் திருகவே எதுவும் இருக்காது; அப்படியானால் அளவைத் தெரிந்துகொள்வதோடு சரி. புது ஃபோர்க் சீல் இறுக்கமாக இருக்கும், சில நூறு கி.மீ. போனால் தளரும், அப்போது மறுபடி அளங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன் டயர் காற்று, குளிர்ந்த டயரில். ஓட்டி வந்ததும் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

ரேடியேட்டர்_காவல்:

அனலுக்குப் பெரிதாக வைத்தியம் இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 100 டிகிரியை நெருங்கியோ தாண்டியோ ஃபேன் ஓடுவது முறைதான். மூடி அழுத்தத்தில் இருப்பதால் அந்த வெப்பத்தில் கூலன்ட் கொதிக்காது. ஃபேன் தள்ளும் காற்று ஃபேரிங் இடுக்கு வழியாகக் காலில்தான் வரும். தடிமனான பேன்ட், கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள். மெல்லிய ட்ராக் பேன்ட் மட்டும் வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறு: வெப்பம் ஏறியும் ஃபேன் ஓடாமல் இருப்பது, குளிர்ந்த நிலையில் ரிசர்வ் டேங்க்கில் கூலன்ட் கீழ்க்கோட்டுக்கு அடியில் போவது, இனிப்பு வாடை வருவது. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ரைசர் விஷயம். 20 மி.மீ. ஏற்றினாலே பிரேக் ஹோஸும் கேபிளும் முழுத் திருப்பத்தில் விறைக்கலாம், ஹேண்டில் ஃபேரிங்கிலோ டேங்க்கிலோ இடிக்கலாம். மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, முதல் சர்வீஸ் தாண்டியும் ஹைவேயில் வலித்தால் மட்டும் யோசியுங்கள்.

கூடவே, இந்த வண்டிகளில் ஹேண்டில் திரும்பும் அளவே குறைவு. யூ-டர்னுக்கு கம்யூட்டரைவிட அகலமான இடம் வேண்டும், முழுசாகத் திருப்பினால் கட்டைவிரல் டேங்க்குக்கும் பிடிக்கும் நடுவே நசுங்கும். திருப்பும்போது கட்டைவிரலைப் பிடியின் மேலே வைத்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் ப்ளேயைக் குறைத்த பிறகு நியூட்ரலில் இன்ஜினை ஓட விட்டு ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்புங்கள். ஐட்லிங் ஏறினால் கேபிள் இறுகியிருக்கிறது, அந்த நிலையில் சாலையில் இறங்காதீர்கள், 1 மி.மீ. விட்டுக்கொடுத்து மறுபடி பாருங்கள்.